சீந்திலா, வேறு கொடியா? இதய இலைக் கொடிகளை இனம் காணும் முறை

மதுரையைச் சுற்றி எந்தக் கண்மாய்க் கரைக்குப் போனாலும் வேப்ப மரத்திலோ வேலியிலோ இதய வடிவ இலையோடு ஒரு கொடி ஏறிக் கிடக்கும். கூட வருபவர் யாராவது “சீந்தில்தாண்ணே, சர்க்கரைக்கு நல்லது” என்று சொல்லிவிடுவார். பல நேரம் அது சீந்திலாக இருக்காது. வேலிப்பருத்தியாக இருக்கும், முசுட்டையாக இருக்கும், காய்வள்ளியாக இருக்கும். எப்போதாவது, நம் பகுதித் தாவர நூல்கள் எதிலும் இல்லாத கொடியாகவும் இருக்கலாம். அப்படி ஒன்று கிடைத்து, அதை முறையாக நிரூபித்தால் அதற்குப் பெயர் ‘புதிய பதிவு’. உலகத்துக்கே புதிய இனம் என்று அர்த்தமில்லை. வேறு நாட்டிலோ வேறு மாநிலத்திலோ ஏற்கெனவே பெயர் பெற்ற செடி, இங்கே இருப்பது முதல் முறையாக எழுத்தில் ஏறுகிறது, அவ்வளவுதான்.

தாவரவியல் படிக்காதவரும் அந்த முடிவுக்குப் பக்கத்தில் வரை போய்விட முடியும். சீந்திலையும் அதன் சாயலில் உள்ள கொடிகளையும் வைத்தே வழியைச் சொல்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், கூரான சின்னக் கத்தி, ஸ்கேல், நோட்டு, பழைய செய்தித்தாள், போன். இதில் லென்ஸ்தான் முக்கியம். போனில் செடி காட்டும் ஆப் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இலையை மட்டும் படம் எடுத்துப் போட்டுவிட்டு அது சொல்லும் முதல் பெயரை நம்ப வேண்டாம். இதய இலை விஷயத்தில் ஆப்பும் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான், உறுதியான குரலில் தப்பாகச் சொல்லும்.

1. இலையை அப்புறம் பார்க்கலாம், எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்

கொடி மரத்தைப் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். சுருள் சுருளான பற்றுக்கம்பி இருந்தால் கோவை, முடக்கத்தான், பிரண்டை பக்கம் போக வேண்டும். இலையின் நுனியே கம்பியாக நீண்டு பிடித்திருந்தால் செங்காந்தள். கணுவில் குட்டி வேர்கள் முளைத்து மரத்தோடு ஒட்டியிருந்தால் வெற்றிலை, மிளகு குடும்பம். இவை எதுவும் இல்லாமல் தண்டே மரத்தைச் சுற்றி ஏறியிருந்தால் அது சுற்றுக்கொடி. சீந்தில் இந்த வகை.

சீந்திலுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. உயரத்தில் உள்ள கிளைகளிலிருந்து நூல் நூலாக வேர்கள் தொங்கும். அடித்தண்டை யாராவது வெட்டிவிட்டாலும் இந்த வேர்கள் நீண்டு மண்ணைத் தொட்டுக் கொடியைக் காப்பாற்றிவிடும். தண்டு தரையில் இல்லாமல் மரத்தின் நடுவில் பச்சையாக ஒரு கொடி பிழைத்துக்கொண்டிருந்தால் சீந்திலைச் சந்தேகப்படலாம்.

2. கணுவுக்கு எத்தனை இலை?

ஒரு கணுவில் இரண்டு இலைகள் எதிரும் புதிருமாக இருக்கிறதா, ஒன்று மட்டும் இருக்கிறதா? எதிரிலை என்றால் சீந்தில் என்ற பேச்சே இல்லை. வேலிப்பருத்தி எதிரிலைக் கொடி. இதய இலைதான், மெல்லிய ரோமம் இருக்கும், கசக்கினால் நாற்றம் அடிக்கும், காய் இரட்டையாக மென்முட்களோடு இருக்கும், வெடித்தால் பஞ்சு பறக்கும்.

ஒற்றை இலை என்றால் காம்பைப் பாருங்கள். சீந்திலின் காம்பு நீளம். தண்டோடு சேரும் இடத்திலும் இலையோடு சேரும் இடத்திலும் லேசாகப் பருத்திருக்கும். காம்பு இலையின் விளிம்பில் சேராமல் சற்று உள்ளே தள்ளி, அடிப்பரப்பில் சேர்ந்தால் அது பொன்முசுட்டை; இதுவும் சீந்திலின் குடும்பமே. இலையின் அடிப்பக்கம் வெள்ளிப்பட்டு போல ரோமம் இருந்து, வெள்ளைப் புனல் பூ பூத்தால் முசுட்டை. அடியிலிருந்து கிளம்பும் நரம்புகள் வளைந்து வளைந்து நுனி வரை ஓடி, இலைக்கக்கத்தில் உருண்டைக் காய் போன்ற கிழங்கு தொங்கினால் காய்வள்ளி. சீந்திலிலும் காம்பு சேரும் இடத்திலிருந்து ஐந்து முதல் ஏழு நரம்புகள் விரியும், ஆனால் அப்படி நுனி வரை வளைந்து சேராது. காய்வள்ளி என்று தெரிந்ததும் வேகவைத்துச் சாப்பிட்டுப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். காட்டில் கிடைக்கும் காய்வள்ளியில் நஞ்சும் உண்டு.

3. தண்டை வெட்டிப் பாருங்கள்

விரல் தடிமனுள்ள தண்டில் சின்னத் துண்டு போதும். பால் வடிகிறதா, தண்ணீர் போல வருகிறதா, வழவழப்பாக இருக்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். பால் வந்தால் கையைத் துடைக்காமல் கண்ணைத் தொட வேண்டாம்.

குறுக்கே வெட்டிய முகத்தை லென்ஸில் பார்த்தால் சீந்திலில் மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல நடுவிலிருந்து கட்டைப் பட்டைகள் பிரிந்து நிற்பது தெரியும். பலர் இதோடு நிறுத்திக்கொண்டு ‘சீந்தில் உறுதி’ என்று எழுதிவிடுகிறார்கள். அது போதாது. இந்தச் சக்கர அமைப்பு மெனிஸ்பெர்மேசி என்ற முழுக் குடும்பத்துக்கும் பொது. சரியான தெருவுக்கு வந்துவிட்டீர்கள், வீடு எது என்று இன்னும் தெரியாது.

ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம்: நாக்கில் வைத்துப் பார்ப்பது. ‘கசந்தால் சீந்தில்’ என்பது ஊரில் புழங்கும் சோதனை. சீந்திலின் நெருங்கிய உறவுகளும் கசக்கும், சில அதைவிட அதிகமாகவே கசக்கும். கண்வலிக்கிழங்கும் குன்றிமணியும் கொடிகள்தான். இரண்டும் ஆளைக் கொல்லும்.

4. சீந்திலும் கிரிஸ்பாவும்: இங்கேதான் நிதானம் வேண்டும்

சீந்திலின் அறிவியல் பெயர் டைனோஸ்போரா கார்டிஃபோலியா. அதே பேரினத்தில் டைனோஸ்போரா கிரிஸ்பா என்று ஒன்று இருக்கிறது, தென்கிழக்கு ஆசியாவில் மருந்தாகப் பெயர் பெற்ற கொடி. இலையை வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, கொடியைச் சரியாக இனம் காணவில்லை என்றது. 2022 பிப்ரவரியில், சீந்தில் பாதுகாப்பானது, கிரிஸ்பா போன்ற சாயல் கொடிகள்தான் தீங்கு செய்யலாம் என்று சொல்லி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை அறிக்கையாக வெளியிட்டது. அசல் சீந்திலாலும் பாதிப்பு வருகிறது என்பதில் மருத்துவர்கள் பலர் உறுதியாக இருக்கிறார்கள். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். ஆனால் கொடியின் பெயர் தெரிந்துவிட்டதாலேயே அதைக் கஷாயம் போட்டுக் குடிக்கலாம் என்று நினைப்பதும் தவறு. சித்த மருத்துவர் ஒருவரைக் கேட்காமல் வேண்டாம்.

வேறுபாடுகள் இவை. தண்டு: சீந்திலில் பச்சை, மேலே காகிதம் போல உரியும் பழுப்புத் தோல், அதைச் சுரண்டினால் உள்ளே பச்சை. கிரிஸ்பாவில் சாம்பல் நிறம், மேலே பரு பருவாகப் புடைப்புகள். கசிவு: கிரிஸ்பாவில் பால் போல வரும், சீந்திலில் வராது. பூ: சீந்திலில் இதழ் ஆறு, கிரிஸ்பாவில் மூன்று. பழம்: சீந்திலில் உருண்டை, சிவப்பு, ஒன்று முதல் மூன்று வரை சேர்ந்திருக்கும், கிரிஸ்பாவில் நீள்வட்டம், ஆரஞ்சு.

தண்டு விஷயத்தில் ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள். சீந்தில் தண்டிலும் வெளிறிய சின்னப் புள்ளிகள் மேடாக இருக்கும். அவை மூச்சுத்துளைகள், பருக்கள் அல்ல. விரலால் தடவினால் சீந்தில் லேசாகச் சொரசொரக்கும். கிரிஸ்பாவின் பருக்கள் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தனித்தனியாகத் தட்டுப்படும். கிரிஸ்பாவின் இளந்தண்டு வழுவழுப்பாக இருக்கும் என்பதால் முற்றிய தண்டைப் பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது.

மூன்றாவது உறவு ஒன்றும் உண்டு, பொற்சீந்தில். அதன் இலையின் அடிப்பக்கம் ரோமம் அடர்ந்திருக்கும். சீந்திலின் முற்றிய இலை இரண்டு பக்கமும் மழமழப்பு.

5. பூவுக்காகக் காத்திருங்கள்

இதழ் ஆறா மூன்றா என்று பார்க்கப் பூ வேண்டும். சீந்திலின் பூ பச்சை கலந்த மஞ்சள், அரிசியளவுகூட இருக்காது. வெயில் காலத்தில், பெரும்பாலும் இலை உதிர்ந்து கொடி மொட்டையாக நிற்கும்போது பூக்கும். அந்த நேரத்தில் கொடி காய்ந்துவிட்டது என்று நினைத்து நாம் பக்கத்தில்கூடப் போக மாட்டோம். இன்னொரு சிக்கல், ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. ஆண் பூக்கள் கொத்தாக வரும், பெண் பூக்கள் பெரும்பாலும் தனித்தனியாக. உங்கள் கொடி ஆண் என்றால் எத்தனை வருடம் காத்திருந்தாலும் பழம் வராது; வேறு மரத்தில் தேட வேண்டும். கொடி இருக்கும் இடத்தைப் போன் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, இலைக்கு ஒரு முறை, பூவுக்கு ஒரு முறை, பழத்துக்கு ஒரு முறை போவதுதான் வழி.

6. மாதிரி எடுப்பது

அழகர் மலை, சிறுமலை போன்ற காப்புக்காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியிலும் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊர் வேலி, சொந்த வயல் என்றால் உரியவரிடம் சொல்லிவிட்டு எடுக்கலாம்.

பூவோ பழமோ உள்ள கிளையை ஒரு முழம் நீளத்துக்கு வெட்டி, செய்தித்தாளுக்குள் விரியுங்கள். ஒரு இலையாவது அடிப்பக்கம் மேலே தெரியும்படி திருப்பி வையுங்கள். மேலும் கீழும் பலகை, மேலே பாரம். முதல் சில நாள் தினமும் தாளை மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இதை விட்டால் பூஞ்சணம் பூத்துவிடும். சீந்தில் தண்டு சதைப்பிடிப்பானது, அமுக்கினால் சீக்கிரம் காயாது. அதை நெடுக்கே பிளந்து தனியாகக் காயவையுங்கள்.

காய்ந்ததும் மறைந்துபோகிற விவரங்களை அன்றைக்கே எழுத வேண்டும்: பூவின் நிறம், பழத்தின் நிறம், கசிவு, வாசனை, ஏறியிருந்த மரம், தேதி, ஊர், கடல்மட்ட உயரம், ஊர்க்காரர் சொன்ன பெயர், யாராவது நட்டதா தானாக முளைத்ததா என்பது. கடைசி விவரத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். புதிய பதிவா இல்லையா என்பதே பல நேரம் அதில்தான் நிற்கிறது.

7. நூலோடு ஒப்பிடுவது

நம் பக்கத்துக்கு மூன்று நூல்கள் அடிப்படை. கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல், 1915 முதல் 1936 வரை வந்தது. திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தின் (உலர்ந்த தாவர மாதிரிகளைக் காக்கும் இடம்) கே. எம். மாத்யூ 1980-களில் கொண்டுவந்த தமிழ்நாடு கர்நாடகச் சமவெளித் தாவர நூல் (கர்நாடக மாநிலம் அல்ல, ‘கார்னாட்டிக்’ எனப்படும் தமிழ்நாட்டுச் சமவெளி) மதுரைச் சமவெளிக்குப் பொருத்தம். மலைப்பக்கம் என்றால் அவரே எழுதிய பழனி மலைத் தாவர நூல், 1999. தாவரவியல் துறை உள்ள கல்லூரி நூலகங்களில் கேட்டுப் பாருங்கள்.

பெயரைத் தேடி நூலில் கிடைக்கவில்லை என்றதும் துள்ளிக் குதிக்காதீர்கள். பெயர் மாறியிருக்கலாம். பொற்சீந்திலைப் பழைய நூல்கள் டைனோஸ்போரா மலபாரிகா என்று சொல்லும், இப்போது டைனோஸ்போரா சைனென்சிஸ். லண்டன் கியூ தோட்டம் நடத்தும் ‘பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்டு ஆன்லைன்’ தளத்தில் ஒரு பெயரைத் தட்டினால் அதன் பழைய பெயர்கள் எல்லாம் வரும், எந்தெந்த நாட்டில் இருக்கிறது என்ற வரைபடமும் வரும். எல்லாப் பழைய பெயர்களையும் நூலில் தேடிய பிறகும் இல்லை என்றால்தான் விஷயம் சூடுபிடிக்கிறது.

8. புதியதுதானா?

மூன்றில் ஒன்றாக இருக்கலாம். காலங்காலமாக இங்கேயே இருந்து, வேறு பெயரில் எழுதப்பட்டு வந்தது. அல்லது இயற்கையாகவே இந்தப் பக்கமும் பரவியிருந்து, யாரும் கவனிக்காதது. அல்லது நர்சரியிலிருந்தும் வீட்டுத் தொட்டியிலிருந்தும் தப்பி வேலிக்கு வந்தது. மதுரை போன்ற நகரத்தைச் சுற்றி மூன்றாவதுக்குத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. கொரோனா காலத்தில் சீந்தில் மோகம் ஏறியபோது கையளவு தண்டை வெட்டி ஒருவருக்கொருவர் கொடுத்து நட்டார்கள். முதல் துண்டு தப்பென்றால் அத்தனை வீட்டிலும் தப்பு.

தொட்டியில் மட்டும் இருப்பது பதிவாகாது. நட்ட இடத்தைத் தாண்டி, மனிதக் கை படாமல் தானே பெருகுகிறது என்று காட்ட வேண்டும். அப்படி வந்த செடி எல்லாமே நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. பார்த்தீனியமும் 1950-களில் புணேயில் ஒரு ‘புதிய பதிவாக’த்தான் தொடங்கியது.

இந்தக் கட்டத்தில் வேலை உங்கள் கையை விட்டுப் போக வேண்டும். மாதிரியையும் குறிப்பையும் ஒரு கல்லூரி ஹெர்பேரியத்துக்கோ, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ கொண்டுபோங்கள். அங்கே பழைய மாதிரிகளோடு வைத்துப் பார்ப்பார்கள். எண் போட்டு ஹெர்பேரியத்தில் வைத்த மாதிரி இல்லாமல் எந்த ஆய்விதழும் புதிய பதிவை ஏற்காது, எவ்வளவு அழகான படம் இருந்தாலும் சரி. கண்டெடுத்தவர் என்று லேபிளில் உங்கள் பெயர் இருக்கும்.

அதுவரை ஒரு வேலை. கிரிஸ்பா என்று சந்தேகம் உள்ள தண்டுகளை வெட்டிப் பார்த்துவிட்டுக் கரையிலோ குப்பைமேட்டிலோ போடாதீர்கள். ஈரம் கிடைத்தால் துண்டுக்குத் துண்டு வேர்விடும். வெயிலில் சருகாகக் காயவைத்து எரித்துவிடுங்கள்.