சாண், முழம், கட்டை: வானத்துத் தூரத்தை வீட்டு அளவில் கணக்கிட

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் அப்பா வலைக்கயிற்றைப் பாகத்தில்தான் அளப்பார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். நாலு முழம், ஆறு அடி. தெருத்தூரம் என்றால் கட்டை. தங்கையின் மகள் விஞ்ஞானப் புத்தகத்தைக் கொண்டுவந்து, “மாமா, இந்த ஒளியாண்டு ஒண்டும் விளங்குதில்ல” என்றபோது எனக்கும் அந்த அளவுகள்தான் கைகொடுத்தன.

முதலில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு கட்டை, அதாவது ஒரு மைல், 63,360 அங்குலம். ஒரு ஒளியாண்டு, அதாவது ஒளி ஒரு வருடத்தில் போகும் தூரம், 63,241 வானியல் அலகு. வானியல் அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தூரம். தற்செயலாக அமைந்த பொருத்தம்தான், ஆனால் வித்தியாசம் ஆயிரத்துக்கு இரண்டே இரண்டு. ஆகவே வானியல் அலகை அங்குலம் என்று வைத்தால் ஒளியாண்டு தானாகக் கட்டையாகிவிடும். கிலோமீற்றரில் இது சரிவராது. நான் முதல் தடவை அப்படிப் போட்டுத்தான் குழம்பினேன்.

இனி அடிமட்டத்தை மேசையில் வையுங்கள். சூரியன் பூச்சியத்தில். பூமி ஓர் அங்குலத்தில். வியாழன் ஐந்து அங்குலம் தாண்டி. சனி ஒன்பதரை, கையை விரித்து வையுங்கள், ஒரு சாண். யுரேனஸ் பத்தொன்பது, முழத்துக்குச் சற்று மேல். நெப்டியூன் முப்பது, இரண்டு முழத்துக்குள் அடங்கிவிடும். 1977இல் புறப்பட்ட வொயேஜர் 1 விண்கலம் இன்னும் ஏறக்குறைய 170 அங்குலத்தில்தான் நிற்கிறது, அப்பாவின் கையால் இரண்டரைப் பாகம்கூட இல்லை. பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

ஏனென்றால் அடுத்த நட்சத்திரம் புரொக்சிமா 4.24 ஒளியாண்டு. கல்லடிப் பாலத்தில் சூரியனை வைத்தால் நாலேகால் கட்டை; காத்தான்குடியையும் தாண்டி ஆரையம்பதிப் பக்கம் போகவேண்டும். வேகா என்ற நட்சத்திரம் 25 கட்டை, அது கல்முனைப் பக்கம்.

பரீட்சைக்கு உண்மையான எண்களும் வேண்டும். ஒரு வானியல் அலகு 14 கோடியே 96 இலட்சம் கிலோமீற்றர். மில்லியன் கிலோமீற்றரில் தந்தால் 149.6ஆல் பிரியுங்கள்: சனி 1,430 மில்லியன், விடை 9.56. ஒளியாண்டு 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர். பார்செக் என்ற இன்னொரு வானியல் தூர அளவை ஒளியாண்டாக்க 3.26ஆல் பெருக்குங்கள். பூச்சியங்களில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். ஒரு கோடி என்பது 10 மில்லியன், இதை முதலில் மனதில் பதியுங்கள். ஒளியாண்டு காலம் அல்ல, தூரம் என்பதையும்.

விண்மீன் மண்டலங்களுக்குப் போனால் கட்டையும் போதாது. அப்போது ஓர் அங்குலத்தையே ஓர் ஒளியாண்டாக வையுங்கள். நமது மண்டலமான பால்வீதியின் குறுக்களவு ஏறக்குறைய ஓர் இலட்சம் அங்குலம், ஒன்றரைக் கட்டைக்குச் சற்று மேல். பக்கத்துப் பெரிய மண்டலமான அந்திரொமேடா 25 இலட்சம் அங்குலம், கிட்டத்தட்ட நாற்பது கட்டை. கல்லடியில் பஸ் ஏறினால் அக்கரைப்பற்றுப் பக்கம்தான் இறங்கவேண்டும்.