‘நல்லதுதான்’ என்றவர் நாளைக்குப் போடுவாரா? கரையில் மனப்பான்மையையும் நடத்தையையும் அளக்கும் முறை

பாம்பனிலோ ஏர்வாடியிலோ வல்லத்தில் (சிறிய மீன்பிடிப் படகு) கடலுக்குப் போகிறவர்களிடம் லைஃப் ஜாக்கெட் பற்றிக் கேட்டுப் பாருங்கள். “நல்லதுதானே” என்றுதான் பதில் வரும். அந்த ஜாக்கெட் உடம்பில் ஏறுகிறதா என்பது வேறு விஷயம். உடனே ‘சொல் ஒன்று, செயல் ஒன்று’ என்று அவர்கள்மேல் பழி போட வேண்டாம். பல நேரம் பிசகு நாம் கேட்ட கேள்வியில்தான் இருக்கிறது. கரையில் விழிப்புணர்வு வேலை செய்கிற சங்கத்தாரும் களப்பணிக்கு வரும் மாணவர்களும் முதலில் கேள்வியைத் திருத்த வேண்டும்.

இந்தச் சிக்கல் பழையது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்காவைச் சுற்றினார். 251 விடுதி, உணவகங்களில் ஒரே ஒரு இடம்தான் அவர்களைச் சேர்க்க மறுத்தது. பிறகு அவர் கடிதம் எழுதிக் கேட்டபோது பதில் போட்ட 128 இடங்களில் 90 சதவீதத்துக்கு மேல் “சீனரைச் சேர்க்க மாட்டோம்” என்றன. 1969இல் ஆலன் விக்கர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். மனப்பான்மைக்கும் நடத்தைக்கும் உள்ள ஒட்டுறவு எண் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.30ஐத் தாண்டுவதே அரிதாக இருந்தது.

வழி காட்டியவர்கள் சமூக உளவியலாளர்கள் அய்சனும் ஃபிஷ்பைனும். எந்தச் செயல், எதைக் குறித்து, எந்தச் சூழலில், எப்போது என்ற நான்கும் கேள்வியிலும் நடத்தையிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார்கள் (1977). 1979இல் டேவிட்சனும் ஜக்கார்டும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. கருத்தடை பற்றிய பொதுவான மனப்பான்மைக்கும் மாத்திரை பயன்படுத்துவதற்கும் இருந்த ஒட்டுறவு 0.08. ‘அடுத்த 2 ஆண்டுகளில் மாத்திரை பயன்படுத்துவது’ பற்றிக் கேட்டபோது அது 0.57.

ஆகவே “பாதுகாப்பு முக்கியமா?” என்று கேட்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: “அண்ணே, நாளைக்கு வல்லம் ஏறுனதுலேர்ந்து கரை இறங்குற வரைக்கும் ஜாக்கெட்டைப் போட்டே இருக்குறது உங்களுக்கு எப்படி?” கீழக்கரைப் பக்கம் என்றால் “காக்கா” (அங்கே அண்ணனை அழைக்கும் சொல்) என்று தொடங்குங்கள். ‘பிடிக்கவே இல்லை’ முதல் ‘மிகவும் பிடிக்கும்’ வரை ஏழு கட்டம் போட்ட தாளை நீட்டினால் பலர் நடுவில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அதைவிட ஐந்து சிப்பிகளைக் கையில் கொடுத்து, எவ்வளவு உறுதியோ அவ்வளவு சிப்பியைத் திருப்பித் தரச் சொல்வது எளிது. ஏலக்கூடத்தில் நாலு பேர் நடுவிலோ சம்மாட்டி (படகு உரிமையாளர்) பக்கத்தில் நிற்கும்போதோ கேட்டால் கூட இருப்பவர்கள் காதுக்கான பதில்தான் உங்களுக்குக் கிடைக்கும். வலை பின்னிக்கொண்டு தனியாக இருக்கும் நேரமே சரி.

மனப்பான்மை மட்டும் போதாது. அய்சனின் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டில் இன்னும் இரண்டு உண்டு: தனக்கு வேண்டியவர்கள் தன்னிடம் எதிர்பார்ப்பது, தன்னால் முடியும் என்ற கணிப்பு. முன்னதற்குச் சம்மாட்டி, மனைவி, கூட வருகிற ஆட்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். பின்னதுதான் இந்தக் கரையில் முடிச்சு. வலை இழுக்கும்போது பக்கிள் கண்ணியில் மாட்டும், வெயிலில் வேர்க்கும், உப்பு ஏறிய துணி கழுத்தை அறுக்கும். இவற்றை நீங்களாக ஊகித்து எழுதக் கூடாது. முதலில் 20 முதல் 25 பேரிடம் “போட்டா என்ன இடைஞ்சல்?” என்று திறந்த கேள்வி கேட்டு, அடிக்கடி வருகிற பதில்களை அவர்கள் சொன்ன சொல்லிலேயே கேள்வித்தாளில் சேருங்கள். இடைஞ்சல் உடுப்பில் இருக்கும்போது பிரசங்கம் செய்வது வீண். கை வீச இடம் விடும் மெல்லிய ஜாக்கெட்டைத் தேடித் தருவதே வேலை.

அடுத்தது எண்ணிக்கை. கிளம்பும்போது மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். கரையில் பார்க்க ஆள் இருக்கிறது என்று போட்டுக்கொள்வார்கள். வல்லம் திரும்பும்போதும் எண்ணுங்கள். வல்லத்தில் எத்தனை பேர், உடம்பில் எத்தனை ஜாக்கெட், தரையில் எத்தனை என்று இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட வேண்டும். ஒரே நாள் போதாது. கடல் அமைதியான நாளும் வாடைக்காற்று அடிக்கும் நாளும் கலந்திருக்கட்டும். பெயர் எழுதாதீர்கள், கேள்வித்தாளையும் எண்ணிக்கையையும் இணைக்க ஒரு குறி எண் போதும். கேள்விக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே நாள் கூடக்கூடக் கணிப்பு தளரும்.

எண்ணம் இருந்தும் செய்யாதவர்களுக்கு ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற திட்டம் உதவும். கோல்விட்சரும் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்தபோது இதன் பலன் நடுத்தரத்துக்கு மேல், 0.65 அளவில் இருந்தது (இது ஒட்டுறவு எண் அல்ல, திட்டம் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தின் அளவு). “எஞ்சினில் கை வைக்கும் முன் பக்கிளைப் பூட்டுவேன்” என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். “கவனமாக இருப்பேன்” என்பது திட்டம் ஆகாது. அதில் எப்போது என்பதும் இல்லை, என்ன என்பதும் இல்லை.

நேரடி அனுபவத்தில் பிறந்த மனப்பான்மை நடத்தையோடு அதிகம் ஒட்டும் என்று ரீகனும் ஃபாசியோவும் 1977இல் காட்டினார்கள். அதனால் துண்டுப்பிரசுரத்தை விட, மார்பளவுத் தண்ணீரில் ஜாக்கெட்டோடு பத்து நிமிடம் மிதக்க வைப்பது மேல். அதற்குப் பெரிய பரிசு அறிவிக்காதீர்கள். ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் 1959இல் செய்த சோதனையில், சலிப்பான வேலையைச் சுவையானது என்று பிறரிடம் சொல்ல 20 டாலர் வாங்கியவர்களின் மனம் மாறவில்லை. 1 டாலர் வாங்கியவர்களே அதை உண்மையிலேயே சுவையானது என்று கருதத் தொடங்கினார்கள்.

விசைப்படகுகளில் வேலை செய்வதானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். பழைய பழக்கம் அறுந்து நிற்கிற நேரம் அது. மே கடைசியில் திறந்த கேள்விகளை முடித்து, ஜூன் இரண்டாம் வாரத்தில் மனப்பான்மையைக் கேட்டுத் திட்டத்தையும் சொல்ல வைத்தால், தடை முடிந்து முதல்முறை கடலுக்குப் போகும் அன்றே எண்ணத் தொடங்கலாம்.