ஏற்காடு எக்ஸ்பிரஸ் ரேக்கில் புதுப் பெட்டி: ஓப்பன் ரெயில்ஸ் வழிமுறை

ஓப்பன் ரெயில்ஸ் என்ற கணினி ரயில் சிமுலேட்டரில், சேலம் ஜங்ஷன் வழியே ஓடும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ரேக்கில் (பெட்டித் தொடரில்) ஒரு பெட்டியைக் கூட்ட, டவுன்லோடு செய்த பெட்டியின் ஃபோல்டரை டிரெயின்செட் (TRAINSET) ஃபோல்டருக்குள் போடுங்கள். கான்சிஸ்ட்ஸ் (CONSISTS) ஃபோல்டரில் உள்ள, ரயிலின் பெட்டி வரிசையைக் கொண்ட கான் (.con) ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்துவிட்டு நோட்பேடில் திறக்கவும். ஒரு வேகன் பகுதியை, மூடும் அடைப்புக்குறி உட்பட, காப்பி செய்து அதன் கீழே ஒட்டுங்கள். ஒட்டிய பகுதியில் யூஐடி (UiD) எனும் அடையாள எண்ணை மாற்றுங்கள், இரண்டு பெட்டிக்கு ஒரே எண் கூடாது. வேகன்டேட்டா (WagonData) வரியில் முதலில், பெட்டியின் விவரம் உள்ள வேக் (.wag) ஃபைலின் பெயர் (எக்ஸ்டென்ஷன் இல்லாமல்), அடுத்து ஃபோல்டர் பெயர். பலரும் சறுக்குவது இங்கேதான். இரண்டையும் இடம் மாற்றிவிடுவார்கள். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள்குறி போடுங்கள்.

யூடிஎஃப்-16 எல்இ (UTF-16 LE) என்ற எழுத்துக் குறியீட்டு வடிவில் சேமியுங்கள். இதே கான் ஃபைல்களைப் பயன்படுத்தும், 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர் இதில் ரொம்பக் கறார். பெட்டி தெரியவில்லையா? டெஸ்க்டாப்பில் உள்ள ஓப்பன்ரெயில்ஸ்லாக் ஃபைலில் எந்த ஃபைல் கிடைக்கவில்லை என்று பாருங்கள்.