ஐரோப்பாவில் படிக்க விண்ணப்பிக்கும் மதுரைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியிலிருந்தோ சுவீடனிலிருந்தோ "இடம் இல்லை" என்று பதில் வந்தால், பிள்ளைகள் உடனே தங்கள் மதிப்பெண்ணைத்தான் நொந்துகொள்கிறார்கள். பல நேரங்களில் இடம் போனதற்குக் காரணம் மதிப்பெண் இல்லை, காகிதம். ஏதோ ஒரு சான்றிதழ் தேதிக்குள் கைக்கு வந்திருக்காது, அல்லது ஒன்றில் இருக்கும் பெயர் இன்னொன்றில் இருக்காது. இவை எல்லாம் மதுரையில் இருக்கும்போதே முடிக்கக்கூடிய வேலைகள்.

ரிசல்ட் வந்து, ப்ரொவிஷனல் சான்றிதழ் வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. அங்கே வகுப்புகள் செப்டம்பர், அக்டோபரில் தொடங்குகின்றன. அதற்கான கடைசித் தேதி சுவீடனில் ஜனவரி நடுவிலேயே முடிந்துவிடும். நெதர்லாந்தில் இட வரம்புள்ள இளநிலைப் படிப்புகளுக்கு ஜனவரி 15. ஜெர்மனிக்கு ஜூலை 15 என்று பலரும் சொல்வார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு மே மாதத்திலேயே, சில துறைகளில் மார்ச்சிலேயே வாசலை மூடிவிடுகிறார்கள். இறுதியாண்டு தொடங்கும் ஜூன் மாதமே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும். அதுவரை முடித்த செமஸ்டர்களின் மதிப்பெண்ணை வைத்தே விண்ணப்பிக்கப் பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தொல்லை: இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "க. முத்துலட்சுமி" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் கருப்பையா குடும்பப் பெயராக ஏறியிருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். ஆதாரில் லட்சுமியின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. இங்கே யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அங்கே விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு இனிஷியல் என்ற வழக்கமே தெரியாது. இவை இரண்டு ஆட்களின் பெயர்களாகத்தான் படும். பள்ளிச் சான்றிதழைத் திருத்த பள்ளி, தேர்வுத்துறை என்று நீண்ட அலைச்சல். பாஸ்போர்ட்டை மாற்றுவது அதைவிட எளிது, அதற்கான மண்டல அலுவலகமும் மதுரையிலேயே இருக்கிறது. இனிஷியலை அப்பா பெயராக விரித்து பாஸ்போர்ட்டில் ஏற்றிக்கொண்டு, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வுக்கான பதிவு முதல் வங்கிக் கடன் வரை எல்லாவற்றிலும் அந்தப் பெயரையே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். பழைய சான்றிதழ்களுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஐஇஎல்டிஎஸ் எழுதும் முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

பாடத்திட்டத்தைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. பட்டத்தின் பெயர் பொருந்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஐரோப்பாவில் படிப்பை இசிடிஎஸ் என்ற கிரெடிட்டில் அளக்கிறார்கள். ஓர் ஆண்டுக்கு 60, மூன்றாண்டு இளநிலைக்கு 180. முதுநிலையில் சேர கணிதத்தில் இவ்வளவு, கணினியில் இவ்வளவு கிரெடிட் வேண்டும் என்று துறைவாரியாகக் கேட்பார்கள். பிஎஸ்சி இயற்பியல் படித்தவர் டேட்டா சயின்ஸுக்கு விண்ணப்பித்தால், அவர் படித்த ஒவ்வொரு தாளையும் எடுத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். அதற்கு உங்கள் பேட்ச்சின் பாடத்திட்டம் வேண்டும். தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும், பழையது இணையதளத்திலிருந்து காணாமல் போகும். படிக்கும்போதே பதிவிறக்கி வையுங்கள்.

எல்லா செமஸ்டர் மதிப்பெண்களையும் தொகுத்துத் தரும் டிரான்ஸ்கிரிப்ட்டை யார் தர வேண்டும் என்பதையும் முன்பே விசாரியுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி என்றால் சென்னைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தன்னாட்சி பெற்ற கலை, அறிவியல் கல்லூரி என்றால் மதிப்பெண் விவரம் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கிடைக்கும், பட்டமோ காமராசர் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

அதே அலுவலகத்தில் இன்னொரு தாளும் கேட்டு வாங்குங்கள்: அதிகபட்ச மதிப்பெண் எவ்வளவு, தேர்ச்சிக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு என்ற சான்று. ஜெர்மனியில் 1 தான் சிறந்த மதிப்பெண், 4 வெறும் தேர்ச்சி. நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்றும் சூத்திரத்தில் தேர்ச்சி எல்லையும் சேரும். பத்துக்கு 8 சிஜிபிஏ வாங்கியவருக்கு, தேர்ச்சி எல்லை 5 என்றால் 2.2 வரும், 4 என்றால் 2.0. 2.0 வரை மட்டும் எடுப்போம் என்று சொல்லும் துறையில் இந்தச் சிறு வித்தியாசமே இடத்தைப் பறித்துவிடும்.

ஜெர்மனிக்குப் போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். கட்டணம் ₹18,000. வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அட்மிஷன் வந்த பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். அரியர் வைத்துத் தேறியிருந்தால் அந்த மதிப்பெண் பட்டியல்களையும் மறைக்காமல் சேர்த்து வையுங்கள்.

கன்சல்டன்சி பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்ற போர்டைப் பார்த்து உள்ளே போகும் பெற்றோரிடம், கடைசியில் ஆண்டுக்குப் பல லட்சம் கட்ட வேண்டிய தனியார் கல்லூரியை நீட்டும் இடங்கள் இருக்கின்றன. கமிஷன் அங்கேதான் கிடைக்கும். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவர் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் படிப்புகளை நீங்களே தேடலாம், காசே வேண்டாம். யாரிடம் வேலையை ஒப்படைத்தாலும், விண்ணப்பக் கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

கட்டணம் இல்லாவிட்டாலும், ஜெர்மன் விசாவுக்கு ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்ட் என்ற, மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 லட்சம். இது உங்கள் பணம்தான். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக எடுத்துக்கொள்ளலாம். விசா நெருக்கத்தில் இதற்காக வட்டிக்கு அலையும் குடும்பங்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. வங்கிக் கடன் பேச்சை விண்ணப்பத்தோடு சேர்த்தே தொடங்குங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தை அவசியம் விசாரிக்க வேண்டும்.

ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் நோக்கக் கடிதத்தில் "சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள், எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். வண்டியூர் கண்மாயில் தண்ணீர் எடுத்துச் சோதித்தீர்களா? என்ன அளந்தீர்கள், எங்கே தடுமாறினீர்கள், அந்தத் துறையின் எந்தப் பாடம் அதற்கு உதவும் என்று எழுதுங்கள். பரிந்துரைக் கடிதம் ஆசிரியரின் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து போகட்டும்.

அட்மிஷன் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கும் பெயர் கொடுத்துவிடுங்கள். ஜெர்மனியின் பெரிய நகரங்களில் அதற்கான காத்திருப்புப் பட்டியல் மாதக்கணக்கில் நீளும்.