தெரிந்த சொல்லே தடுக்கும்: ஸ்பானிய மொழியினர் ஆங்கிலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடைநிலை வரை ஆங்கிலம் கற்றுவிட்ட ஸ்பானிய மொழியினருக்கு, தெரியாத சொல்லைவிடத் தெரிந்ததுபோலத் தோன்றும் சொல்லே அதிகம் இடறுகிறது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சு வழியாகவும், பின்னாளில் அறிஞர்களின் எழுத்து வழியாகவும் ஏராளமான லத்தீன் வேர்ச்சொற்கள் ஆங்கிலத்தில் கலந்தன. ஸ்பானியமோ லத்தீனின் நேர் வாரிசு. எனவே இரு மொழிகளிலும் உருவம் ஒத்து, பொருள் விலகிய சொற்கள் பல உள்ளன.

ஸ்பெயினில் ‘கான்ஸ்டிபாதோ’ என்றால் சளி பிடித்தவர். அதே நினைப்பில் லண்டன் மருத்துவரிடம் ‘கான்ஸ்டிபேட்டட்’ என்று சொன்னால் மலச்சிக்கலுக்கு மருந்து கிடைக்கும். இத்தகைய பிழைகள் சிரிப்பை வரவழைப்பதால் விரைவில் திருந்திவிடுகின்றன. உண்மையில் அஞ்ச வேண்டியவை, எவரும் சிரிக்காத பிழைகளே. ‘அசிஸ்தீர்’ என்பது கூட்டத்தில் கலந்துகொள்வது. அதை ‘அசிஸ்ட்’ என்று மாற்றினால் உதவி செய்ததாகப் பொருளாகும். அங்கே ‘அட்டெண்ட்’ என்பதே வேண்டும். ‘அக்துவால்மெந்தே’ தற்போது என்பதைக் குறிக்க, ‘ஆக்சுவலி’ உண்மையில் என்பதைக் குறிக்கிறது.

வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’ போன்ற சிறு சொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் கூட்டுவினைகளில் பிழையைவிடத் தவிர்ப்பே பெரிய குறை. ‘தொலெரார்’ (பொறுத்துக்கொள்ளுதல்), ‘போஸ்போனேர்’ (ஒத்திவைத்தல்) என்பவை தாய்மொழியில் இருப்பதால் ‘டாலரேட்’, ‘போஸ்ட்போன்’ என்றே பேசிவிட்டு, அன்றாடப் பேச்சில் வழங்கும் ‘புட் அப் வித்’, ‘புட் ஆஃப்’ ஆகியவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். அது இலக்கணப் பிழையன்று. ஆனால் நண்பரிடம் சிகரெட்டை அணைக்க ‘புட் அவுட்’ என்னாமல் ‘எக்ஸ்டிங்குவிஷ்’ செய்யச் சொன்னால் அறிவிப்புப் பலகை பேசுவதுபோல இருக்கும். ‘புட்’ என்பதன்கீழ் இருபது கூட்டுவினைகளை ஒரே பட்டியலாக மனப்பாடம் செய்வதும் வீண், ஏனெனில் அவை ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

இதன் வேர் இன்னும் ஆழமானது. ஸ்பானியத்தில் செல்லும் திசையை வினையே சொல்லிவிடும், செல்லும் விதம் துணையாக வரும். ஆங்கிலத்தில் விதம் வினையிலும் திசை ‘அவுட்’ போன்ற ஒட்டுச்சொல்லிலும் அமையும் என்று மொழியியலாளர் லெனார்ட் டால்மி விளக்கினார். ‘சலியோ கோரியெந்தோ’ என்பது நம் ‘ஓடி வெளியேறினான்’ என்பதைப் போன்றதே. அதை ‘வென்ட் அவுட் ரன்னிங்’ என்று பெயர்த்தால் உடற்பயிற்சிக்காக ஓடச் சென்றதாகிவிடும். ‘ரேன் அவுட்’ என்பதே சரி.

சொல் வரிசையிலும் கவனம் தேவை. ‘டர்ன் ஆஃப்’ என்பதில் ‘இட்’ நடுவில்தான் வரும்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘லுக் ஆஃப்டர்’ என்பதையோ பிரிக்கவே இயலாது. ‘தெபெந்தேர் தே’ என்ற பழக்கத்தில் வரும் ‘டிபெண்ட் ஆஃப்’ என்பதை ‘டிபெண்ட் ஆன்’ என்றும், ‘மேரிட் வித்’ என்பதை ‘மேரிட் டு’ என்றும் திருத்திக்கொள்ள வேண்டும்.