அட்ஹாக் வலையமைப்பில் பேண்ட்வித் முன்பதிவு: வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

பொதுக் கிணற்றில் பங்கு வைத்திருப்பவர்கள் தண்ணீரை லிட்டர் போட்டுப் பிரிப்பதில்லை. உனக்கு இத்தனை மணி நேரம், எனக்கு இத்தனை என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். கோபுரமோ ரூட்டரோ இல்லாமல், நகரும் கருவிகளே ஒன்றுக்கொன்று பாக்கெட்டுகளைக் கைமாற்றிவிடும் அட்ஹாக் வலையமைப்பிலும் பங்கிட வேண்டியது நேரம்தான். பல நிரல்களோ ஒவ்வோர் அழைப்புக்கும் வேண்டிய இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும்போது, அதாவது முன்பதிவு செய்யும்போது, பிட் கணக்கில் செய்கின்றன. நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன்.

802.11பி என்ற பழைய வைஃபை வகை இணைப்பு ஒன்றில் குரல் அழைப்பை அனுப்பிப் பார்ப்போம். குரலை எண்களாக மாற்றும் ஜி.711 முறையில் 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட். அதில் குரல் 160 பைட், தலைப்புகள் 40 பைட். ஒரு திசைக்கு நொடிக்கு 80 கிலோபிட். இரு திசையும் சேர்ந்து 160. வேகமோ 11 மெகாபிட், அதாவது ஒன்றரை விழுக்காடுகூட ஆகாது. டஜன் கணக்கில் அழைப்புகளை ஏற்கலாம் என்று தோன்றும்.

இப்போது காற்றில் பிடிக்கும் நேரத்தைக் கூட்டுவோம். சேனல் ஓய்ந்திருக்கிறதா என்று காத்திருப்பதும் மோதலைத் தவிர்க்கக் குத்துமதிப்பாகக் கூடுதலாகக் காத்திருக்கும் சராசரிப் பின்வாங்கலும் சேர்ந்து 360 மைக்ரோவினாடி. பாக்கெட் வருகிறது என்று பெறுநரைத் தயார்ப்படுத்தும் முன்னொலி 192. பாக்கெட் சுமார் 170. பிறகு, கிடைத்துவிட்டது என்று பெறுநர் அனுப்பும் ஒப்புகையும் அதன் முன்னொலியுமாக 260. மொத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி. நொடிக்கு இரு திசையும் சேர்ந்து 100 பாக்கெட்டுகள் என்றால், ஒரே தாவலில், அதாவது ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்குப் போவதிலேயே, சேனலின் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

அடுத்த சறுக்கல், ஒவ்வொரு தாவலையும் தனிக்குழாயாக எண்ணுவது. அ பேசும்போது ஆ கேட்க வேண்டும். ஆ அதையே இ-க்கு அனுப்பும்போது அ வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான்கு தாவல்கள் ஒரே கேட்புப் பரப்புக்குள் வந்தால், மேலே சொன்ன அழைப்பு நொடிக்கு 400 மில்லிவினாடியை விழுங்கும். இரண்டு அழைப்புகள் ஏறலாம், மூன்றாவதுக்கு இடமில்லை. நீண்ட சங்கிலிப் பாதையில் கிடைப்பது கோட்பாட்டளவில் ஒற்றைத் தாவல் திறனில் நாலில் ஒரு பங்கு என்றும், சிமுலேஷனில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு என்றும் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2001-இலேயே காட்டிவிட்டார்கள். ஆகவே ஒரு கணு (வலையமைப்பில் உள்ள ஒரு கருவி) தன்னிடம் காத்திருக்கும் பாக்கெட் வரிசையை மட்டும் பார்த்து "இடம் இருக்கிறது" என்று சொல்லக் கூடாது. தன் பேச்சைக் கேட்கும் அண்டைக் கணுக்களிடம் எவ்வளவு மிச்சம் என்பதையும் பார்க்க வேண்டும்.

பாதை தேடும்போதே இடத்தைப் பூட்டுவது இன்னொரு வழக்கமான தவறு. தேடல் செய்தி எல்லாத் திசையிலும் பரவும்; வழியில் உள்ள ஒவ்வொரு கணுவும் முன்பதிவு செய்துவிட்டால், யாரும் பயணம் போகாத பாதைகளிலும் இருக்கை நிரம்பிவிடும். போகும்போது சோதித்தால் போதும். பதில் திரும்பி வரும்போது மறுபடி சோதித்துவிட்டுப் பூட்டலாம். இடையில் வேறொருவர் அதே இடத்தைப் பிடித்திருக்கக்கூடும்.

கம்பி வலையமைப்புக்கான முன்பதிவுக் காலக்கெடுவை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஆபத்து. அங்கே முன்பதிவு செய்யும் ஆர்.எஸ்.வி.பி. நெறிமுறையில் இயல்பான புதுப்பிப்பு இடைவெளி 30 வினாடி. புதுப்பிப்பு நின்றபின் முன்பதிவு காலாவதியாக இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகலாம். அட்ஹாக் வலையமைப்பில் பாதை தேடும் ஏ.ஓ.டி.வி. நெறிமுறையிலோ பயன்படாத பாதைக்கு இயல்பான ஆயுள் 3 வினாடி. பாதை செத்து நெடுநேரமாகியும் அதன் முன்பதிவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அட்ஹாக் வலையமைப்புக்கென உருவான இன்சிக்னியாவைப் போலத் தரவுப் பாக்கெட்டுகளே முன்பதிவைப் புதுப்பிக்கும் முறை இங்கே பொருந்தும். ஆனால் கெடுவை மிகவும் குறைத்துவிட்டால், மௌனத்தில் பாக்கெட் அனுப்பாத குரல் செயலியில், பேசுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் இடம் பறிபோகும்.

"நான் இங்கே இருக்கிறேன்" என்று அண்டைக் கணு அவ்வப்போது அனுப்பும் ஹலோ செய்தி வந்துவிட்டது என்பதற்காக அந்த இணைப்பை நம்பி இடம் ஒதுக்கவும் வேண்டாம். ஹலோ சிறியது, பரப்புச் செய்தி என்பதால் குறைந்த வேகத்தில் போவது. அது எட்டும் தொலைவுக்கு 11 மெகாபிட்டில் போகும் தரவு எட்டாது. குறைந்த தாவல் எண்ணிக்கையைத் தேடும் நெறிமுறை இப்படிப்பட்ட நீண்ட, நோஞ்சான் இணைப்புகளைத்தான் தேடிப் பிடிக்கும். அங்கே ஒரே பாக்கெட்டை மூன்று முறை அனுப்ப நேர்ந்தால், நீங்கள் ஒதுக்கிய ஒரு மில்லிவினாடி மூன்றுக்கும் மேலாகிவிடும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பின்வாங்கல் நேரம் இரட்டிக்கிறது.