வேலைக்குப் போகும் சைக்கிளில் ஹேண்டில்பார் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தினமும் வேலைக்கு சைக்கிளில் போகத் தொடங்குகிறவர்கள் ஒன்றிரண்டு மாதத்திலேயே ஹேண்டில்பாரில் கை வைத்துவிடுகிறார்கள். கை மரத்துப்போகிறது, முதுகு வலிக்கிறது, சரி, எதையாவது மாற்றிப் பார்ப்போம் என்று. மாற்றுவது தப்பில்லை. ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் செய்ததையே இன்றைக்கும் ஆள் மாற்றி ஆள் செய்வதைப் பார்த்ததால்தான் எழுத உட்கார்ந்தேன். போல்ட் இறுக்க மறப்பது, பெல் இல்லாமல் ஓட்டுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, விட்டுவிடுகிறேன்.

ஹைபிரிட் சைக்கிளில் ட்ராப் பார் மாட்டுவது

காசைத் தின்கிற தவறு இதுதான், இன்னும் எனக்கு எரிச்சல் வருவதும் இதில்தான். நேர் பார் வைத்த ஹைபிரிடை (ரோடு பைக்குக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்டது) வாங்கிவிட்டு, ரோடு பைக்கில் இருக்கிற ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த பார் மீது ஆசைப்படுகிறார்கள். பார் மட்டும் பார்த்தால் பெரிய விலை இல்லை, செலவெல்லாம் அதற்குப் பிறகுதான். நேர் பாரில் கிரிப் ஏறும் இடம் 22.2 மி.மீ., ட்ராப் பாரில் 23.8 மி.மீ. அதனால் பழைய பிரேக் லிவர், கியர் ஷிப்டர் எதுவும் ஏறாது. சரி, புது லிவர் வாங்கலாம் என்றால், வி-பிரேக்குக்கு (இரண்டு கை போல நின்று ரிம்மை இருபுறமும் அழுத்தும் பிரேக்) லிவர் நிறைய கேபிளை இழுக்க வேண்டும், சாதாரண ரோடு லிவர் அவ்வளவு இழுக்காது. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் அதற்கென்றே இருக்கும் விலை உயர்ந்த லிவரைத் தேட வேண்டும். கியரிலும் தகராறு: ஷிமானோ கம்பெனி பாகங்களில் 9 ஸ்பீடு (பின்னால் 9 பல்சக்கரம்) வரை எம்டிபி, அதாவது மலைச் சைக்கிளின் பின் டெரெய்லர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) ரோடு ஷிப்டரோடு ஒத்துப்போகும், 10 ஸ்பீடு என்றால் போகாது.

எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் இப்படி மாற்றிக்கொண்டு வந்து காட்டினான். லிவரை முழுக்க அழுத்தச் சொன்னேன். லிவர் பாரில் போய் முட்டியது, நான் சைக்கிளைத் தள்ளினால் சக்கரம் பாட்டுக்கு உருண்டது. "கேபிள் புதுசு அங்கிள், ஓட்ட ஓட்டச் சரியாயிடும்னு கடையில சொன்னாங்க" என்றான். சரியாகாதுப்பா, இதில் மழை நாளில் பஸ்ஸுக்குப் பின்னால் போகாதே என்று சொல்லி, பிரேக் கட்டையை ரிம்மை ஒட்டினாற்போல் நகர்த்திக் கொடுத்தேன். அப்போது பிடித்தது, ஆனால் ரிம் ஒரு முடியளவு கோணினாலும் உரசும். மாற்றித் தருகிற கடைக்காரர் காசு வாங்கும் முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்று, நேர் பாருக்கென்று செய்த பிரேமில் மேல் குழாய் நீளம். ட்ராப் பாரில் லிவர் மேல் கை வைத்தால் பிடி இன்னும் பல சென்டிமீட்டர் முன்னால் போகும், முதுகு வலிக்கு மாற்றியவருக்கு வலி கூடத்தான் செய்யும். கை வைக்க வேறு இடம் வேண்டும், அவ்வளவுதானே? பார் எண்ட் (பார் நுனியில் மாட்டும் குட்டிக் கொம்பு) மாட்டுங்கள், அல்லது பின்பக்கம் வளைந்து வரும் பார் போடுங்கள். அதுவும் 22.2 தான், பழைய லிவர் அப்படியே ஏறும். ஸ்டெம் (பாரைச் சைக்கிளோடு இணைக்கும் பாகம்) பிடிக்கும் இடம் 25.4 மி.மீ.-ஆ 31.8 மி.மீ.-ஆ என்று மட்டும் அளந்துவிட்டு வாங்குங்கள்.

கை மரத்தால் உடனே பாரைக் குறை சொல்வது

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தால் முதலில் சீட்டைப் பாருங்கள். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் முழுக்க உள்ளங்கையில் இறங்கும். அப்புறம் பிரேக் லிவர்: அதில் விரல் வைக்கும்போது மணிக்கட்டு மடங்காமல் முழங்கையோடு நேராக இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஆலன் கீ போதும்.

அகலமான பார்

ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நுழையும்போது பார் நுனிதான் முதலில் மாட்டும். அறுத்துக் குறைக்கலாம், ஆனால் அறுக்கும் முன் லிவரையும் கிரிப்பையும் உள்ளே தள்ளி வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அறுத்ததை ஒட்ட முடியாது.

பழைய மாடலில் ஸ்டெம்மை உயர்த்துவது

குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். அது வெளியே தெரியக் கூடாது.

பாரை உயர்த்திவிட்டு கேபிளை மறப்பது

இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். கேபிள் விறைத்தால், திரும்பும்போது பிரேக் தானாகப் பிடிக்கும். கடைசியில் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, பாரைத் திருகுங்கள். அசைந்தால் ஸ்டெம்மை இன்னும் இறுக்க வேண்டும்.